அவசரமில்லாத சட்டியும் நேரமில்லாத வீடும்

ஸ்லோ குக்கர் என்ற மின்சாரச் சட்டியைப் பற்றி ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்களிடம் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். "அது வெள்ளைக்காரர் சூப் வைக்கிற சாமான்" என்பார் ஒருவர். "வாங்கினோம், ஒருநாள் ஆட்டிறைச்சி வைத்தோம், தண்ணீராய் வந்தது, பெட்டியோடு பேஸ்மென்டில் கிடக்கிறது" என்பார் இன்னொருவர். முதலாமவரை விட்டுவிடலாம். இரண்டாமவரோடுதான் எனக்கு வழக்கு. அந்தச் சட்டிக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை: நெடுநேரம் மெதுவாக அவிப்பது. வதக்கவும் வறுக்கவும் வற்றவைக்கவும் அதற்குத் தெரியாது. இதை ஏற்றுக்கொண்டு, அந்த மூன்றையும் நம் கையில் வைத்துக்கொண்டால், கடையில் மிக மலிவாகக் கிடைப்பவை எல்லாம் அந்தச் சட்டிக்காகவே விற்கப்படுவதாகத் தோன்றத் தொடங்கிவிடும். காய்ந்த கொண்டைக்கடலை, எலும்பு, ஆட்டுக்கால், கழுத்து இறைச்சி, கோழித் தொடை, பழுப்பு அரிசி, பார்லி. விலை குறைவாக இருப்பதற்கு அவற்றின் சுவை காரணமில்லை. அவற்றை அவிக்க யாருக்கும் நேரமில்லை என்பதே பாதிக் காரணம்.

எங்கள் வீட்டில் நான்கு பேர், நான்கு நேரத்தில் சாப்பிடுகிறோம். நான் விடியற்காலையில் வேலைக்குப் போகிறேன். கணவர் பின்னேர ஷிப்ட் முடித்து நள்ளிரவில் வருகிறார். மகனின் வகுப்புகளுக்கு நேரகாலம் கிடையாது. அம்மா மருந்து போட வேண்டியிருப்பதால் மணிக்கூடு பார்த்துச் சாப்பிடுகிறார். இந்த ஊரில் இது ஒன்றும் புதினமான வீடு இல்லை. இப்படியான வீட்டில் பணம் எங்கே ஓடுகிறது என்று பார்த்தால், பலசரக்குக் கடையில் இல்லை. மாலை ஏழு மணிக்குக் களைத்து விழுந்து, "ஒரு கொத்துரொட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று தொலைபேசியில் சொல்லும் அந்த ஒரு வசனத்தில்தான் ஓடுகிறது. ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு, பதினைந்து டொலர். கிழமைக்கு இரண்டு தடவை அந்த வசனத்தைச் சொல்லாமல் விட்டால், சட்டியின் விலை ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்துவிடும்.

மின்கட்டணம் மிச்சமாகும் என்று சிலர் பெரிதாகச் சொல்வார்கள். கணக்கைப் பார்ப்போம். ஐந்தாறு லீட்டர் கொள்ளும் சட்டி 200 முதல் 300 வாட் வரை இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய இரண்டு அலகு. ஒன்ராறியோவில் 2023 மே மாதம் ஒரு புதிய கட்டணத் திட்டம் வந்தது. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஓர் அலகு அப்போது 2.4 சதம். பிறகு அது ஏறியிருக்கிறது என்றாலும் இன்னும் மலிவுதான். அந்தத் திட்டத்தில் வார நாட்களில் மாலை 4 மணி முதல் 9 மணி வரை, அதாவது நாடே சமைக்கும் நேரத்தில், அலகுக்கு ஏறக்குறையப் பத்து மடங்கு. ஆகவே அந்தத் தொடக்கக் கட்டணத்தில் இரவில் போட்டால் ஐந்து சதம், மாலையில் போட்டால் அதைப்போலப் பல மடங்கு. வித்தியாசம் உண்டு, ஆனால் அது சில்லறை. அந்தச் சில்லறைக்காக யாரும் சட்டி வாங்க வேண்டாம். கொத்துரொட்டிக் கணக்குத்தான் உண்மையான கணக்கு.

"இதைப் பிரஷர் குக்கரில் இருபத்தைந்து நிமிடத்தில் முடிக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு: ஆம், முடிக்கலாம். வீட்டில் ஆள் இருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். விசில் எண்ணவும் அடுப்பை நிறுத்தவும் ஒருவர் வேண்டும். ஸ்லோ குக்கர் ஆளில்லாத வீட்டுக்கும் தூங்குகிற வீட்டுக்கும் உரியது. இன்ஸ்டன்ட் பொட் என்ற மின்சாரப் பிரஷர் குக்கர் இரண்டையும் செய்யும் என்பார்கள். அது 2010இல் ஒட்டாவாவில் பிறந்த கனடாப் பிள்ளை என்பதில் எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனால் அதன் அடியில் மட்டும்தான் சூடு. ஸ்லோ குக்கரில் பீங்கான் பாத்திரத்தின் பக்கங்களைச் சுற்றிச் சூட்டுக் கம்பி ஓடுகிறது. தடித்த பீங்கான் அந்தச் சூட்டை வாங்கி மெல்ல மெல்ல உள்ளே விடுகிறது. அதனால்தான் எட்டு மணி நேரம் யாரும் கிளறாமல் விட்டாலும் அடிப்பிடிப்பதில்லை.

அந்தச் சட்டியின் கதை பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்ற யூதக் கண்டுபிடிப்பாளர் 1936இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. எண்ணம் அவருடைய தாயிடமிருந்து வந்தது. தாய் லித்துவேனியாவின் வில்னா நகரத்தவர். யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன்பின் நெருப்பு மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. ஆகவே வெள்ளி மாலையே அவரை விதை, பார்லி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் இறைச்சி எல்லாவற்றையும் ஒரு பானையில் இட்டு, ஊர் வெதுப்பகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். வேலை முடிந்து ஆறிக்கொண்டிருக்கும் வெதுப்பக அடுப்பில் அது இரவு முழுவதும் கிடக்கும். மறுநாள் எடுத்துவந்து சாப்பிடுவார்கள். சோலன்ட் என்பது அந்த உணவின் பெயர். தாய் சொன்ன இந்தக் கதையை மகன் மின்சாரச் சட்டியாக்கினார். 1970இல் கன்சாஸ் நகரத்து ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, அடுத்த ஆண்டே கிராக்-பொட் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் சாப்பாடு என்ற விளம்பரம் எடுபட்டது.

இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். "இதில் என்ன புதினம் பிள்ளை? மத்தியானச் சமையல் முடிந்தால் விறகை வெளியே இழுத்துவிட்டு, தணலுக்கு மேலே எலும்புச் சட்டியை ஏற்றிவிட்டுத்தானே உன்னுடைய அம்மம்மா கோயிலுக்குப் போவா" என்றார். வில்னாவும் எங்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆறுகிற அடுப்பின் சூட்டை வீணாக்க மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த சமையல் இது.

இப்போது சட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். 'லோ' என்றால் குறைந்த சூடு, 'ஹை' என்றால் கூடிய சூடு என்று நினைக்கிறோம். பெரும்பாலான சட்டிகளில் இரண்டும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேரும், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. 'ஹை' விரைவாகப் போகும், 'லோ' நெடுநேரம் எடுத்துப் போகும். மூடியைத் திறந்தால் சேர்ந்த சூடு ஒரு நொடியில் போய்விடும். மீண்டும் சேர இருபது முப்பது நிமிடம். அம்மா குசினிக்குள் போகும்போதெல்லாம் மூடியைத் தூக்கி மணம் பார்ப்பார். எனவே எங்கள் வீட்டில் எட்டு மணி நேரச் சமையல் என்பது பத்து மணி நேரம்.

கழுத்து, தோள், முன்னங்கால் போன்ற இறைச்சிகள் மலிவு. விலங்கு நாள் முழுக்க வேலை வாங்கிய தசைகள் அவை. அவற்றுக்குள் ஓடும் வெள்ளைச் சவ்வு கொலாஜன் என்ற புரதம். அவசரமாக அவித்தால் அது சுருங்கி இறைச்சியை ரப்பராக்கும். 70 பாகை செல்சியசுக்கு மேலே மணிக்கணக்காக வைத்திருந்தால் கரைந்து ஜெலட்டினாக மாறும். குழம்பு உதட்டில் ஒட்டுவது அதனால்தான். விலையுயர்ந்த மென்மையான துண்டுகளில் இந்தச் சவ்வு அதிகம் கிடையாது. அவற்றை எட்டு மணி நேரம் அவித்தால் பஞ்சாகப் போகும். கோழி நெஞ்சிறைச்சியை ஸ்லோ குக்கரில் வைத்துவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்பவர்கள், கூடுதல் காசு கொடுத்துக் குறைந்த சுவையை வாங்கியவர்கள். தோல் நீக்கிய தொடையும் காலும் நான்கு ஐந்து மணி நேரம் 'லோ'வில் அருமையாக வரும்.

தண்ணீர்ப் பிரச்சினைக்கு வருகிறேன், பேஸ்மென்டில் கிடக்கும் பெட்டிகளுக்கெல்லாம் அதுதான் காரணம். அடுப்பில் வைத்த கறியில் ஆவி வெளியே போகும், குழம்பு தடிக்கும். இங்கே ஆவி மூடியில் பட்டு மீண்டும் சட்டிக்குள்ளேயே விழும். இறைச்சியும் வெங்காயமும் தாமே விடும் தண்ணீர் வேறு. ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு அரைக் கோப்பைத் தண்ணீர் தாராளம்; பலமுறை அதுவும் வேண்டாம். அதற்கு மேலும் நீர்த்திருந்தால், குழம்பை மட்டும் அகன்ற தாச்சியில் ஊற்றி, பெரிய அடுப்பில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வற்றவைத்து மீண்டும் கலக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் கறுப்பும் காரமும் அப்போதுதான் முகம் காட்டும்.

வெங்காயத்தைப் பச்சையாகப் போடக் கூடாது. அது எட்டு மணி நேரம் அவிந்தாலும் வதங்காது, சிவக்காது. வேகவைத்த வெங்காயத்தின் இனிப்பு ஒன்று வரும். அது எங்கள் கறிக்குச் சரிப்படாது. இதற்கு ஞாயிறுகளில் நான் செய்யும் ஒரு வேலை உண்டு. இரண்டு கிலோ வெங்காயத்தை இஞ்சி, உள்ளி, கறிவேப்பிலையோடு நன்றாகச் சிவக்க வதக்கி, ஐஸ்கட்டித் தட்டுகளில் அடைத்து உறையவைத்துவிடுவேன். கிழமை முழுவதும் நாலு கட்டி எடுத்துச் சட்டியில் போட்டால் போதும். குளிர்காலத்தில் ஒரே நாளில் வீடு மணப்பதோடு விஷயம் முடிந்துவிடும் என்பது இன்னொரு வசதி. ஜன்னல் திறக்க முடியாத ஜனவரியில், கறி மணம் ஏறிய குளிர்ச் சட்டையோடு பஸ்ஸில் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எங்கள் வீட்டில் அதிகமாக அவிவது கடலை. டின் கடலையின் விலையையும் காய்ந்த கடலையின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனடாவில் வழக்கமான 540 மில்லிலீட்டர் டின்னில் இருக்கும் கடலையைக் காய்ந்த நிலையில் நிறுத்தால் 150 கிராம் அளவுக்குத்தான் வரும். ஒரு கிலோ காய்ந்த கடலை ஆறு டின்னுக்குச் சமம். அரைக் கிலோவை மாலையில் ஊறப்போட்டு, படுக்கப் போகும்போது தண்ணீரை மாற்றி, உப்பும் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் போட்டு 'லோ'வில் விட்டால் விடியும்போது தயார். உப்பை முதலில் போட்டால் கடலை அவியாது என்று சொல்வார்கள். அதை நம்ப வேண்டியதில்லை. அவியவிடாமல் பிடித்து வைப்பவை புளியும் தக்காளியும்தான். பழப்புளியைக் கடலை மசிந்த பிறகே கரைத்து ஊற்ற வேண்டும். நீர் கடினமாக இருந்தாலும் அவிய நேரமெடுக்கும், சோடா அதற்குத்தான்.

அவித்த கடலையில் பாதியைத் தனித்தனிப் பைகளில் உறையவைத்துவிடுவேன். மீதியில் ஒரு பங்கு தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலையாகும், காலைப் பசிக்கு அதற்கு மேலே எதுவும் தேவையில்லை. இன்னொரு பங்கு புட்டுக்கு ஏற்ற கறியாகும். தேங்காய்ப்பாலைக் கடைசி அரை மணி நேரத்தில்தான் விட வேண்டும். முதலிலேயே விட்டால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். சட்டியை நிறுத்திய பிறகு தாளிதத்தைக் கொட்டி மூடிவிட வேண்டும். இரவு முழுவதும் அவிந்ததன் அலுப்பான மணத்தை, கடுகும் பெருஞ்சீரகமும் வெடிக்கும் அந்த ஒரு நிமிடம்தான் மாற்றுகிறது.

ஆட்டுக்கால் இந்தச் சட்டிக்கு இன்னும் பொருத்தம். இங்கே ஹலால் இறைச்சிக் கடைகளில் சுட்டுச் சுத்தமாக்கி வெட்டியே தருவார்கள். மிளகு, நற்சீரகம், மல்லி மூன்றையும் வறுத்து இடித்து, உள்ளி ஒரு முழுப் பூடு, மஞ்சள், நாலு சின்ன வெங்காயம் போட்டு, கால்கள் மூழ்கத் தண்ணீர் விட்டு இரவு பத்து மணிக்கு வைத்தால் காலை எட்டு மணிக்கு எலும்பிலிருந்து சவ்வு தானே கழன்று வரும். இந்தச் சமையலில் மட்டும் தண்ணீர் தாராளமாக இருக்கலாம். குளிரவைத்தால் மேலே கொழுப்புப் படியும். அதை எடுத்துவிட்டால் கீழே அல்வா மாதிரி உறைந்த சாறு இருக்கும். அம்மாவின் முழங்காலுக்கு அது நல்லது என்று அம்மா நம்புகிறார். நான் வாதாடுவதில்லை, பாணோடு தொட்டுச் சாப்பிடுகிறேன்.

கஞ்சியையும் சொல்ல வேண்டும். சிவப்புப் பச்சை அரிசி ஒரு கோப்பை, தண்ணீர் எட்டுக் கோப்பை, கொஞ்சம் வெந்தயம், உள்ளி. ஏழு மணி நேரம் 'லோ'. நள்ளிரவில் வேலையால் வரும் மனிதருக்கும் விடியலில் வேலைக்குப் போகும் மனுசிக்கும் ஒரே சட்டியில் இரண்டு சாப்பாடு. பரிமாறும்போது தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ச் சாறும்.

சட்டிக்குக் கொடுக்கக் கூடாதவையும் உண்டு. மீன், இறால், கணவாய் எல்லாம் சில நிமிடச் சமையல். அவற்றை மணிக்கணக்கில் அவிப்பது பாவம். கீரையும் சொதியும் அப்படியே. மைசூர்ப் பருப்பு அடுப்பிலேயே கால் மணி நேரத்தில் கரைந்துவிடும், அதை எட்டு மணி நேரம் காவல் வைக்க வேண்டியதில்லை. அந்தப் பருப்பின் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு என்பதும் இருக்கட்டும். உலகுக்கு அதிகமாக மைசூர்ப் பருப்பு ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்று கனடா, அதில் பெரும்பங்கு சஸ்காச்சுவானில் விளைகிறது, இலங்கைக்கும் அங்கிருந்து போகிறது. ஊரில் சங்கக் கடை வரிசையில் நின்று வாங்கிய பருப்பு, நான் இங்கே வருவதற்கு முன்பே எனக்காகக் கடல் கடந்து வந்திருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சிவப்பு கிட்னி பீன்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊறவைத்து நேரே ஸ்லோ குக்கரில் போட்டுவிடாதீர்கள். அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை: குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதிய தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். சரியாகக் கொதிக்காத நாலைந்து விதைகளே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கப் போதும். 80 பாகையில் வெறுமனே வெதும்பினால் நச்சு குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும், ஸ்லோ குக்கரில் சூடு மெல்ல ஏறும்போது நெடுநேரம் அந்த அளவில் நிற்கக்கூடும். அடுப்பில் கொதிக்கவைத்த பிறகு சட்டிக்கு மாற்றலாம். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அதற்குப் பயமில்லை.

உறைந்த இறைச்சியையும் நேரே போடக் கூடாது. 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகும். உறைந்த கட்டி அந்த இடைவெளியைத் தாண்ட மணிக்கணக்கு எடுக்கும். முதல்நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். மிஞ்சியதைச் சட்டியோடு ஆறவிடாமல் அகன்ற, ஆழம் குறைந்த பாத்திரங்களுக்கு மாற்றி இரண்டு மணி நேரத்துக்குள் குளிரூட்டுங்கள். பீங்கான் நல்ல தடிப்பு, உள்ளே இருப்பதை ஆறவே விடாது. அடுத்த நாள் சூடாக்குவதும் அடுப்பில்தான். சூடான சாப்பாட்டைச் சூடாகவே வைத்திருக்கத்தான் 'வோர்ம்' பொத்தான், குளிர்ந்ததைச் சூடாக்குவதற்கு இல்லை.

புதிதாக வாங்க வேண்டும் என்றில்லை. ரொறன்ரோவின் எந்தப் பழைய பொருள் கடைக்குப் போனாலும் அலமாரியில் இரண்டு ஸ்லோ குக்கர் இருக்கும், திருமணப் பரிசாக வந்து தொடப்படாதவை. நேரம் வைக்கும் பொத்தான், திரை எல்லாம் இல்லாத, ஒரே ஒரு திருகி மட்டும் உள்ள பழைய வகையே நெடுங்காலம் உழைக்கும். நான்கு பேருக்கு ஐந்து அல்லது ஆறு லீட்டர். பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் நிரப்பினால்தான் சரியாக அவியும், அதனால் 'பெரிதாக இருக்கட்டும்' என்று எட்டு லீட்டர் வாங்கி அடியில் மட்டும் சமைப்பது வேலைக்காகாது. பீங்கானில் வெடிப்பு இருக்கிறதா, மூடி அதே சட்டிக்கு உரியதா, வயர் கருகியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பாதியளவு குழாய்த் தண்ணீர் விட்டு, 'லோ'வில் எட்டு மணி நேரம் வைத்து, மூடியைத் திறந்த கையோடு வெப்பமானியை விடுங்கள். 85 பாகைக்கும் 93 பாகைக்கும் இடையில் நின்றால் சட்டி சுகமாக இருக்கிறது. அதற்கு மேலே போனால் நீங்கள் நினைப்பதைவிட முன்னதாக எல்லாம் அவிந்துவிடும், ஒரு மணி நேரம் குறைத்து வைத்துப் பழகுங்கள். 85க்குக் கீழே நின்றால் விலை பேசிப் பயனில்லை, அந்தச் சட்டியில் கறிவேப்பிலைக் கன்று வைக்கலாம்.